குதிகாலில் கிடந்த கோளாறு: ராண்டி ஜான்சனின் 1992

பேஸ்பாலில் பந்து எறிபவரான, அதாவது பிட்ச்சரான ராண்டி ஜான்சனின் 1992 சீசன் ஒரே வரியில் அடங்கிவிடும். 31 ஆட்டங்கள், 12 வெற்றி, 14 தோல்வி, 210.1 இன்னிங்ஸ், 154 ஹிட், 144 வாக், 241 ஸ்ட்ரைக்அவுட், உடம்பில் பந்து வாங்கிய பேட்டர்கள் 18, இ.ஆர்.ஏ. 3.77. மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அந்த வருடம் அதிகம் ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர் அவர்தான். அதிகம் வாக் கொடுத்தவரும் அவர்தான். அதிகம் பேரைப் பந்தால் அடித்தவரும் அவரேதான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு நிமிடம். பிட்ச்சர் எறியும் பந்து, பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட கட்டத்துக்குள் வந்தால் ஸ்ட்ரைக். வெளியே போய், பேட்டரும் மட்டையை வீசாமல் விட்டால் அது 'பால்'. (எத்தனை முறை எழுதினாலும் ஆவினில் வாங்குகிற பால்தான் ஞாபகத்துக்கு வருகிறது, சகித்துக்கொள்ளுங்கள்.) மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் அவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதுதான் வாக். பந்து உடம்பில் பட்டாலும் அப்படியே போகலாம். பந்தை அடித்து பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால் அது ஹிட். கிரிக்கெட்டில் வைடு போட்டால் ஒரு ரன்னும் கூடுதலாக ஒரு பந்தும் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம். இங்கே எதிரணிக்காரர் ஒருவரை நாமே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். அடுத்து வருகிறவர் ஒரு நல்ல அடி அடித்தால் உட்கார்ந்திருப்பவர் வீடு, அதாவது ஹோம் பிளேட், போய்ச் சேருவார், அது ஒரு ரன்.

இன்னிங்ஸ் கணக்கில் 210.1 என்பதைத் தசமமாகப் படிக்கக் கூடாது. கிரிக்கெட்டில் 19.3 ஓவர் என்றால் 19 ஓவரும் 3 பந்தும் என்கிற மாதிரி, இது 210 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் கால்குலேட்டரில் 210.33 என்று போட வேண்டும். இதைக் கவனிக்காமல் வகுத்துவிட்டு இரண்டாம் தசமம் ஏன் ஒத்துவரவில்லை என்று தலையைச் சொறிகிறவர்கள் நிறைய.

இனி அந்த வரியைப் பிரிப்போம். வெற்றி தோல்வியை முதலில் தள்ளி வையுங்கள். சியாட்டில் மரினர்ஸ் அந்த வருடம் 64 ஆட்டம் ஜெயித்து 98 தோற்ற அணி, அதில் 12-14 என்பது பிட்ச்சரைப் பற்றி அதிகம் சொல்லாது. இ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்ச்சர் பொறுப்பேற்க வேண்டிய ரன். 3.77 மோசமில்லை, பிரமாதமும் இல்லை. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் 'சுமாரான பிட்ச்சர்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். தப்பு அங்கேதான் நடக்கிறது.

ஹிட்டைப் பாருங்கள். 154ஐ 9ஆல் பெருக்கி 210.33ஆல் வகுத்தால் 6.6. ஒரு முழு ஆட்டத்துக்கு ஆறரை ஹிட். அவ்வளவு குறைவாக அடிபட்டவர் அந்த லீகில் யாரும் இல்லை. அதாவது அவரை அடிக்க முடியவில்லை. இப்போது வாக்குக்கும் அதே கணக்கு: 6.16. ஹிட்டும் வாக்கும் ஏறத்தாழ சரிபாதி. ஒரு ஆட்டத்தில் பேட்டர்கள் ஆறரைத் தடவை உழைத்து பேஸுக்குப் போனார்கள் என்றால், இவர் ஆறு தடவை ஓசியில் அனுப்பி வைத்தார். பந்தால் அடிபட்ட 18 பேட்டர்களையும் சேர்த்தால் ஓசிக் கணக்கு 162. மேஜர் லீகில் ஒரு அணி ஒரு சீசனில் ஆடும் ஆட்டங்களும் 162தான். தற்செயல்தான், ஆனால் மறக்காத எண்.

பீல்டர்களின் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் ஒதுக்கிவிட்டு பிட்ச்சரை மட்டும் எடைபோட ஒரு சூத்திரம் உண்டு. ஹோம் ரன்னை (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி) 13ஆல் பெருக்கு, வாக்கையும் அடிபட்டவர்களையும் கூட்டி 3ஆல் பெருக்கு, இரண்டையும் சேர். அதிலிருந்து ஸ்ட்ரைக்அவுட்டை 2ஆல் பெருக்கிக் கழி. மிச்சத்தை இன்னிங்ஸால் வகு. கடைசியில் அந்தந்த வருடத்துக்கான ஒரு நிலை எண்ணைக் கூட்டினால் இ.ஆர்.ஏ. மாதிரியே ஒரு எண் வரும். நமக்கு அந்தக் கடைசிப் படி தேவையில்லை, நடுவில் நிற்கிற இரண்டு எண்கள் போதும்.

1992ல் ஓசி 162, மூன்றால் பெருக்கினால் 486. ஸ்ட்ரைக்அவுட் 241, இரண்டால் பெருக்கினால் 482.

லீகிலேயே அதிகமான அந்த 241 ஸ்ட்ரைக்அவுட் சம்பாதித்துக் கொடுத்தது அத்தனையையும் வாக்கும் அடிபட்டவர்களும் அப்படியே விழுங்கி, மேலே நான்கு கடனும் வைத்துவிட்டார்கள். ஒரு கையால் இறைத்ததை மறு கையால் கொட்டியது என்றால் இதுதான். சராசரி பிட்ச்சர் ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் எட்டுகிற இடத்தை, லீகிலேயே பயங்கரமான கை உடம்பு நோக எறிந்து எட்டியிருக்கிறது.

வாக்குக்கு இன்னொரு விலையும் உண்டு, அது ரன் கணக்கில் நேராகத் தெரியாது. பந்து எறிந்து வாக் கொடுப்பதென்றால் நான்கு பந்துக்குக் குறையாது. நடைமுறையில் ஐந்து ஆறு பந்து போகும். ஸ்ட்ரைக்அவுட்டும் பந்தைத் தின்னும். இரண்டையும் அதிகமாகச் செய்கிறவரின் கை என்ன ஆகும் என்பதற்கு 1992 செப்டம்பர் 27ஆம் தேதி ஆட்டத்தைப் பார்க்கலாம். டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸில் 18 ஸ்ட்ரைக்அவுட், அதற்கு அவர் எறிந்த பந்துகள் 160. இன்று 100ஐத் தாண்டினாலே மேனேஜர் டக்அவுட்டில் நெளிய ஆரம்பித்துவிடுவார்.

சரி, ஏன் இந்தக் கோளாறு? அப்போது பலர் சொன்ன பதில் 'உயரம்'. 6 அடி 10 அங்குலம், அதாவது 208 சென்டிமீட்டர். இவ்வளவு நீளமான உடம்பை ஒவ்வொரு பந்துக்கும் ஒரே மாதிரி மடக்கி விரிப்பது கஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் 'கஷ்டம்' என்று சொல்லிவிட்டால் திருத்த எதுவும் இல்லாமல் போகிறது. எந்த இடத்தில், எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஏதாவது செய்யலாம்.

அளவைப் பாருங்கள். பிட்ச்சர் மிதித்து நிற்கும் ரப்பரிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். ஒரு எட்டு எடுத்து வைத்து, உடம்பைச் சாய்த்து, கையை நீட்டி பந்தை விடும்போது மிச்ச தூரம் சுமார் 55 அடி, அதாவது 660 அங்குலம். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். நடுவில் குறி வைத்தால் இந்தப் பக்கம் எட்டரை, அந்தப் பக்கம் எட்டரை. பந்து கையை விடும் திசையில் ஒரே ஒரு பாகை பிசகினால் பிளேட்டில் அது பதினொன்றரை அங்குலம். முக்கால் பாகை பிசகினாலே பந்து ஓரத்துக்கு வந்துவிடும். பள்ளிக்கூட ஜாமெட்ரி பெட்டியில் இருக்கும் பாகைமானியை எடுத்து ஒரு பாகை எவ்வளவு என்று பாருங்கள், பென்சில் கோட்டின் தடிமனுக்கே பாதி போய்விடும்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஜான்சன் கையைத் தலைக்கு மேலிருந்து கொண்டுவருபவர் இல்லை, பக்கவாட்டில் தாழ்வாகச் சுழற்றி எறிபவர். மேலிருந்து கீழாக எறிகிறவர் பந்தைக் கொஞ்சம் முன்னதாக விட்டால் அது உயரே போகும், தாமதமாக விட்டால் தரையில் குத்தும். பிசகு மேல்-கீழாகத் தெரியும். ஸ்ட்ரைக் கட்டத்தின் உயரம் ஏறக்குறைய இரண்டு அடி என்பதால் கொஞ்சம் தாங்கும். பக்கவாட்டில் எறிகிறவருக்கு அதே நேரப் பிசகு இடம்-வலமாகத் தெரியும், அங்கே இருப்பது 17 அங்குலம்தான். இந்தக் கை வாட்டம்தான் அவருடைய ஸ்லைடருக்கு, அதாவது பக்கவாட்டில் வெட்டிப் போகிற பந்துக்கு, அந்த வெட்டைக் கொடுத்தது (அதற்கு அவர் வைத்த பெயர் மிஸ்டர் ஸ்னாப்பி). அதே வாட்டம்தான் பிசகை குறுகலான பக்கத்துக்குத் தள்ளியது. கையை மாற்றினால் ஸ்லைடர் போய்விடும். எனவே மருந்தைக் கைக்கு வெளியே தேட வேண்டியிருந்தது.

தேடிக் கொடுத்தவர் எதிரணிக்காரர். 1992 சீசனின் பிற்பகுதியில் ரேஞ்சர்ஸின் நோலன் ரயனும், அந்த அணியின் பிட்ச்சிங் கோச் டாம் ஹவுஸும் ஜான்சனிடம் பேசினார்கள். ரயனுக்கு அப்போது வயது 45. இந்த விஷயத்தில் அவரைவிட அனுபவசாலி கிடைப்பது கஷ்டம். 1974ல் 202 வாக், 1977ல் 204 வாக் கொடுத்தவர். ஆட்டவாழ்க்கை முழுக்க 2,795 வாக், இன்றும் யாரும் தொடாத எண். 5,714 ஸ்ட்ரைக்அவுட்டும் அப்படியே. தான் வருடக்கணக்காகத் தட்டுத்தடுமாறிக் கற்றதை இந்தப் பையனும் அதே போலத் தடுமாறிக் கற்க வேண்டாம் என்பதுதான் அவர் எண்ணம்.

அவர்கள் பார்த்தது கையை அல்ல, முன்காலை. ஜான்சன் இடது கைக்காரர், எனவே முன்னே வந்து ஊன்றுவது வலது கால். அந்தக் கால் குதிகாலில் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் பிளேட்டை நோக்கிய கோட்டை விட்டு விலகி இறங்கிக்கொண்டிருந்தது. குதிகாலை விட்டு, பாதத்தின் முன்பகுதியில், பெருவிரலுக்குப் பின்னால் மேடாக இருக்கிற சதையில் இறங்கு என்றார்கள். அவ்வளவுதான் அறிவுரை.

இவ்வளவு சின்ன விஷயம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பிட்ச்சர் நின்று எறியும் மண்மேடான மவுண்டின் உயரம் 10 அங்குலம். ரப்பருக்கு முன்னால் ஆறு அங்குலத்திலிருந்து அடிக்கு ஓர் அங்குலம் வீதம் சரிந்துகொண்டே போகிறது. பிட்ச்சர் அந்தச் சரிவில் தன் உயரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஓர் எட்டு வைக்கிறார். குதிகால் முதலில் பட்டு விரல்கள் காற்றில் இருக்கும் அந்தக் கணத்தில், முழு உடம்பின் பாரமும் எலுமிச்சம்பழம் அளவு இடத்தில் நிற்கிறது. ஷூவின் முன்பக்க ஆணிகள் இன்னும் மண்ணைப் பிடிக்கவில்லை. இடுப்பு சுழல ஆரம்பித்ததும் பாதம் குதிகாலை அச்சாக வைத்து மூன்றாவது பேஸ் பக்கம், அதாவது பிட்ச்சரின் வலப்பக்கம், திரும்பிவிடுகிறது. பாதம் போன வழியில் முழங்கால், முழங்கால் போன வழியில் இடுப்பு. மார்பு நேரம் வருமுன்னே பிளேட்டுக்குத் திறந்துவிடுகிறது. கை இன்னும் பின்னால்தான் இருக்கிறது, உடம்பைத் துரத்திக்கொண்டு வருகிறது. அப்படிப் பின்தங்கிய கையிலிருந்து கிளம்பும் பந்து, எறியும் கையின் பக்கமாகவும் உயரமாகவும் போகும். இடது கை பிட்ச்சருக்கு அது முதல் பேஸ் பக்கம். அங்கே நிற்பது இடது கை பேட்டர், அந்த உயரத்தில் இருப்பது அவருடைய தலை.

அடுத்த பந்தில் பிட்ச்சர் என்ன செய்வார்? 'மேலே போய்விட்டது, இழுக்கணும்' என்று நினைத்து கையை முன்னே இழுப்பார். இப்போது பந்து எதிர்ப்பக்கம், வலது கை பேட்டரின் பாதத்தில் போய் விழும். ஒன்று அங்கே, ஒன்று இங்கே. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது 'கட்டுப்பாடே இல்லை' என்று தோன்றும். பிசகு ஒன்றுதான், மற்றது அதற்குப் போட்ட தப்பான மருந்து.

முன்பாதத்தில் இறங்கினால் ஆணிகள் உடனே மண்ணைக் கவ்வும், முழங்கால் லேசாக மடங்கி பாரத்தை வாங்கும், இடுப்பு சுழல ஒரு நிலையான தூண் கிடைக்கும். வேகம் அதில் குறையாது.

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் இங்கே கேட்கலாம், வேகப்பந்து வீச்சாளர்கள் பலரும் குதிகாலில்தானே ஊன்றுகிறார்கள் என்று. உண்மை. அவர்கள் முப்பது கஜம் நேர்கோட்டில் ஓடி வருகிறார்கள், அந்த வேகமே உடம்பை நேராக வைத்திருக்கும், முன்கால் ஒரு பிரேக் மாதிரி. பேஸ்பால் பிட்ச்சர் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, சரிவில் இறங்கி, பக்கவாட்டாகச் சுழல்கிறார். அவருக்கு அந்தக் கால் ஒரு கதவுக் கீல். கீல் ஆடினால் கதவு எங்கேயோ போய் இடிக்கும். பேஸ்பாலிலும் குதிகால் லேசாகத் தொட்டு உடனே முழுப்பாதமும் படிகிற நல்ல பிட்ச்சர்கள் இருக்கிறார்கள். 'குதிகாலே படக்கூடாது' என்று அதைச் சட்டமாக்கிப் பையன்களை நொண்டியடிக்க விடுகிற கோச்சுகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. இடுப்பு சுழலும் நேரத்தில் பாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

இதைப் பரிசோதிக்க வீடியோகூட அவசியமில்லை, மண் போதும். ரப்பரின் மேல் பின்காலின் கணுக்காலுக்கு நேராக ஆரம்பித்து பிளேட் வரை ஒரு கோடு கிழியுங்கள், குச்சியாலோ சுண்ணாம்புப் பொடியாலோ. பத்துப் பந்து எறிந்த பிறகு மண்ணைப் பாருங்கள். குதிகாலில் இறங்குகிறவரின் தடம் பின்பக்கம் குழியாகவும் முன்பக்கம் அரைவட்டமாகத் தேய்ந்தும் இருக்கும், வாசலில் தரையோடு உரசும் கதவு போட்ட வளைவுக் கீறல் மாதிரி. முன்பாதத்தில் இறங்குகிறவரின் தடத்தில் ஆணி அச்சு தெளிவாக விழும், தேய்ப்பு இருக்காது. பத்துத் தடமும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தால் நல்லது. கோட்டிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, ஆனால் எப்போதும் அதே இடத்தில் விழுகிறது என்றால் அதைத் தொடாதீர்கள், அது அவருடைய பாணி. ஒவ்வொரு தடமும் ஒவ்வொரு இடத்தில் என்றால்தான் வேலை இருக்கிறது.

ஒரு விஷயம் பலர் மறந்துவிடுவார்கள். மவுண்ட் ஒன்றுதான், இரண்டு அணி பிட்ச்சர்களும் மாறி மாறி அதில்தான் எறிய வேண்டும். எதிரணிக்காரரின் கால் தோண்டிய குழி நம் பிட்ச்சர் கால் இறங்கும் இடத்தின் விளிம்பில் இருந்தால், முதல் இன்னிங்ஸில் நேராகப் போன பந்து மூன்றாவது இன்னிங்ஸில் மேலே போகும். அனுபவப்பட்டவர்கள் எறிவதற்கு முன் ஷூவால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

பந்து எங்கே தவறுகிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். காகிதத்தில் ஒரு கட்டம், சுற்றிலும் வெற்றிடம். முப்பது பந்துக்கு, தவறியது ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எறியும் கைப்பக்கம் மேலே குவிந்தால் உடம்பு சீக்கிரம் திறக்கிறது. எதிர்ப்பக்கம் கீழே குவிந்தால் பந்தை இழுக்கிறார், தாமதமாக விடுகிறார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்வுக் கோடாகப் புள்ளிகள் பரவினால், மேலே சொன்ன ஜான்சன் கதை: கால் ஆடுகிறது, கை அதை ஈடுகட்டப் பார்க்கிறது. எந்தக் குவியலும் இல்லாமல் நாலாபக்கமும், ஒன்று பேட்டரின் முதுகுக்குப் பின்னால், அடுத்தது பிளேட்டுக்கு ஐந்தடி முன்னால் என்று சிதறினால் கவலைப்பட வேண்டும். அது அநேகமாகக் காலில் இல்லை.

இப்படி நாலாபக்கமும் சிதறுவதற்குப் பெயரே இருக்கிறது, ஸ்டீவ் பிளாஸ் நோய். பிட்ஸ்பர்க் பைரட்ஸின் பிளாஸ் 1972ல் 19 வெற்றி 8 தோல்வி, இ.ஆர்.ஏ. 2.49, 249.2 இன்னிங்ஸில் 84 வாக். அடுத்த வருடமும் 84 வாக். ஆனால் இந்தத் தடவை 88.2 இன்னிங்ஸில். இ.ஆர்.ஏ. 9.85. பயிற்சியில் சரியாக எறிந்தார், மவுண்டில் பேட்டர் வந்து நின்றதும் போய்விடும். 1974ல் ஒரே ஒரு ஆட்டம், ஐந்து இன்னிங்ஸில் ஏழு வாக், அத்தோடு மேஜர் லீக் முடிந்தது. காலையும் கையையும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், அங்கே எதுவும் கிடைக்கவில்லை. 2000ல் செயின்ட் லூயிஸின் ரிக் ஆங்கீல், 21 வயது, 175 இன்னிங்ஸில் 194 ஸ்ட்ரைக்அவுட் எடுத்துவிட்டு, பிளேஆஃப் முதல் ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் ஐந்து பந்துகளை, பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரே பிடிக்க முடியாத இடத்துக்கு எறிந்தார். பிட்ச்சராக அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பிறகு 2007ல் அவுட்ஃபீல்டராக, பேட்டராக வந்து நின்றது தனிக் கதை.

இந்த இருவரையும் ஜான்சனோடு ஒரே மூட்டையில் கட்டி 'கன்ட்ரோல் போன பிட்ச்சர்கள்' என்று பட்டியல் போடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. எண்ணே வித்தியாசத்தைச் சொல்கிறது. பிளாஸுக்கு ஒரே வருடத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.03லிருந்து 8.53க்குத் தாவியது, இருந்தது காணாமல் போனது. ஜான்சன் 1990ல் 120 வாக், 1991ல் 152, 1992ல் 144, மூன்று வருடமும் லீகில் முதலிடம். அவரிடம் அது முதலிலிருந்தே வந்து சேரவில்லை. காணாமல் போனதைத் தேடுவது வேறு, இல்லாததைக் கற்பது வேறு. சாண்டி கோஃபாக்ஸ் இந்த இரண்டாவது வகை: 1960ல் 175 இன்னிங்ஸில் 100 வாக், அடுத்த வருடம் 255.2 இன்னிங்ஸில் 96. அவருக்கு கேட்ச்சர் நார்ம் ஷெர்ரி சொன்னது, இவ்வளவு முறுக்கி எறியாதே, கொஞ்சம் தளர்த்து என்று. ஆளுக்கு ஆள் மருந்து மாறும்.

1993ல் ஜான்சனின் வரி இப்படி ஆனது: 19 வெற்றி, 8 தோல்வி, 255.1 இன்னிங்ஸ், 185 ஹிட், 99 வாக், 308 ஸ்ட்ரைக்அவுட், இ.ஆர்.ஏ. 3.24. முந்தைய வருடத்தைவிட 45 இன்னிங்ஸ் அதிகம் எறிந்து, வாக் 45 குறைவு. ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.16 என்பது 3.49 ஆனது. ஹிட் விகிதம் ஏறக்குறைய அப்படியே, 6.5. அதாவது பந்தின் தரம் மாறவில்லை, அது முன்பே அங்கேதான் இருந்தது. பழைய கணக்கைத் திரும்பப் போட்டால் ஓசி 115 (99 வாக், அடிபட்டவர்கள் 16), மூன்றால் 345. ஸ்ட்ரைக்அவுட் 308, இரண்டால் 616. போன வருடம் நான்கு கடனில் நின்றவருக்கு இப்போது 271 மிச்சம்.

இ.ஆர்.ஏ. 3.77லிருந்து 3.24க்குத்தான் இறங்கியது, இவ்வளவு மாற்றத்துக்கு அது போதாதே என்று தோன்றலாம். 1993ல் லீக் முழுக்கவே ரன் ஏறியது, ஜான்சன் கொடுத்த ஹோம் ரன்னும் 13லிருந்து 22 ஆனது. ஸ்ட்ரைக் எறிய ஆரம்பித்த பிட்ச்சருக்கு ஹோம் ரன் கூடுவது சகஜம். கட்டத்துக்குள் வரும் பந்தைத்தானே அடிக்க முடியும். அந்த வியாபாரத்தில் லாபம் எவ்வளவு என்பதை மேலே பார்த்தோம்.

இந்த மாற்றத்துக்கு வேறொரு காரணமும் சொல்வார்கள். 1992 கிறிஸ்துமஸ் அன்று ஜான்சனின் அப்பா இறந்துபோனார். அந்தத் துக்கம் தன்னை மாற்றியது என்று ஜான்சனே சொல்லியிருக்கிறார், மறுக்க நாம் யார். ஆனால் காலை மாற்றியது அதற்கு முந்தைய சீசனிலேயே. மன உறுதி ஒரு பிட்ச்சரை ஏழாவது இன்னிங்ஸிலும் நிற்க வைக்கும். பாதம் திரும்புவதை அது தடுக்காது. பிறகு வந்த எண்களிலும் காலின் வேலைதான் தெரிகிறது: 1995ல் 214.1 இன்னிங்ஸில் 65 வாக், 2001ல் 249.2 இன்னிங்ஸில் 71. நாற்பது வயதில், 2004ல், 245.2 இன்னிங்ஸில் 44. ஒன்பதுக்கு 1.61. துக்கமும் கோபமும் பன்னிரண்டு வருடம் அதே சூட்டோடு இருக்காது, பழகிய கால் இருக்கும்.

'கண்டபடி எறிகிறவன் என்ற பயம் பேட்டருக்கு இருப்பது நல்லதுதானே, ஏன் திருத்த வேண்டும்' என்று ஒரு வாதம் பேஸ்பாலில் ரொம்ப நாளாக ஓடுகிறது. பயம் உதவும். ஆனால் மூன்று பால் ஒரு ஸ்ட்ரைக் என்ற நிலையில் பயந்துகொண்டே நிற்கிற பேட்டருக்கும் ஒரு வேலையும் இல்லை, மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றால் போதும், பேஸ் கிடைத்துவிடும். பயத்தைக் காசாக்க வேண்டுமென்றால் அடுத்த இரண்டு பந்தை உள்ளே போடத் தெரிய வேண்டும்.

1993 ஜூலை 13, பால்டிமோரில் ஆல்-ஸ்டார் ஆட்டம். மவுண்டில் ஜான்சன். பிளேட்டில் பிலடெல்பியாவின் ஜான் க்ரக், இடது கை பேட்டர், நின்ற இடம் முதல் பேஸ் பக்கம். எறியும் கையிலிருந்து நழுவுகிற பந்து போய்ச் சேரும் அதே பக்கம். ஒரு வேகப்பந்து அவர் தலைக்கு மேலே பறந்து பின்னால் சுவரில் போய் மோதியது. க்ரக் பேட்டர் நிற்கும் பெட்டியை விட்டு வெளியே வந்து, நெஞ்சில் கையை வைத்துத் தட்டிக்கொண்டு சிரித்தார். திரும்ப வந்து நின்றபோது இரண்டு காலும் பிளேட்டை விட்டு எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி இருந்தன. ஜான்சன் உள்ளே எறிந்தார். க்ரக்கின் மட்டை முன்னே போனது, உடம்பு டக்அவுட் பக்கம் போனது. மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கும் அப்படியே ஒரு வீசு வீசிவிட்டு, வந்த வழியே நிம்மதியாகத் திரும்பிப் போனார்.